தோளில் சுமப்பதும் முன்னறிந்து காப்பதும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. தம்ம வழியினர் உபோசத சீலம் காக்கும் அந்நாளின் காலை 6.28 மணியளவில், பெரிய நிக்கோபார்த் தீவின் கீழ்க்கரையில் உள்ள கேம்பல் பே என்னும் ஊர் குலுங்கத் தொடங்கிற்று. சுமத்திராவின் மேற்கே கடலடியில் எழுந்து, அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமியின் ஓடு பிளந்து நழுவிய பேரதிர்ச்சி அது; அதன் அளவு 9.1. நடுக்கம் ஓய்ந்து, வீட்டைவிட்டு வெளிப்போந்தவர்கள் தம்மவரைப் பெயர் சொல்லி அழைத்து முடிக்குமுன் கடல் உள்ளே வந்துவிட்டது. தீவின் தென்கோடியாகிய இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்குமேல் தாழ்ந்தது. கரைமேல் நின்ற கலங்கரை விளக்கம் நீரின் நடுவில் நிற்பதாயிற்று. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் இறந்தோரும் காணாமற் போனோருமாக 3,500 பேருக்குமேல் என்பது அரசினர் கணக்கு. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நிக்கோபார்த் தீவுகளில் வாழ்ந்தவர்கள்.

நடுக்கம் ஓய்ந்ததற்கும் நீர் வந்ததற்கும் இடைப்பட்ட அந்தச் சில நிமிடங்களைக் குறித்தே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம். ஒருவன் வாசலில் நிற்கின்றான். இடுப்பில் குழந்தை. கட்டிலில், பிறர் துணையின்றி எழுந்து நடக்கமாட்டாத தாய். மேடு அரைக்கல் தொலைவு. இருவரையும் சுமந்து ஓடினால் மூவரும் மாளலாம். குழந்தையோடு ஓடினால் தாய் மாள்வது திண்ணம். அவன் செய்யத்தக்கது யாது? இது கற்பனையாகப் புனைந்த வினா அன்று. அக்காலையில் நிக்கோபாரிலும் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் இலங்கையின் கீழ்க்கரையிலும் எண்ணற்ற வாசல்களில் இவ்வினா எழுந்தது. ஏதோ ஒரு விடையும் அளிக்கப்பட்டது. விடையளித்துப் பிழைத்தவர்கள் நம் நடுவே வாழ்கின்றனர். ஆதலின் நூலறிவைக் காட்டும் ஆசையால் இதனைத் தொடக்கூடாது.

முதற்கண், இவ்வினாவையே எழவொட்டாமல் மூடிவிடும் ஒரு பேச்சை விலக்கவேண்டும். இறந்தவர் அவரவர் கன்மப்படி இறந்தனர் என்பதே அப்பேச்சு. சுனாமிக்குப் பின்னர் மேடைகளிலும் திண்ணைகளிலும் இதனை நாம் கேட்டோம். வருத்தத்துக்குரிய செய்தி, நம்மவர் சிலர் வாயிலும் கேட்டோம். இக்கோட்பாட்டின் வேலை என்ன என்பதைப் பிறரினும் நாம் நன்கு அறிவோம். சேரியில் பிறந்தது முற்பிறப்பின் பாவம் என்று கூறி, கிணற்றையும் பள்ளியையும் நமக்கு அடைத்தவர்களின் கையிலிருந்த தாழ்ப்பாள் அதுவே. 1898ஆம் ஆண்டில் பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியதும், 1956 அக்டோபர் 14ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் திரிசரணம் ஏற்றதும் அத்தாழ்ப்பாளை உடைப்பதற்கன்றோ? அதனை முதியவர்களின் பிணத்தின்மேல் நாமே மீண்டும் பூட்டுவது தகுமா?

பகவன் புத்தரின் வாக்கும் அதற்கு இடந்தரவில்லை. மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன், மனிதன் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்செய்த வினையின் பயனே என்று சிலர் கூறுகின்றனரே என வினவியபோது, பகவன் அதனை மறுத்தார். பித்தம், கோழை, வாயு, இவற்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலைப் பேணாமை, எதிர்பாராத தாக்குதல், வினைவிளைவு என எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டினார். எட்டனுள் வினை ஒன்று மட்டுமே. எல்லாவற்றையும் வினையின் தலையில் ஏற்றுபவர் கண்கூடாக அறிந்ததையும் உலகம் உண்மையென ஒப்பியதையும் மீறுகின்றனர் என்பது அவர் கருத்து. பூமியின் ஓடு நழுவிற்று, நீர் எழுந்தது, கால் தளர்ந்தவர் ஓடமாட்டாமல் நின்றார். இதில் எந்தக் காரணம் நம் கைக்கு எட்டுவது என்று பார்ப்பதே பௌத்தன் வேலை. ஓடு நழுவுவதை நாம் தடுக்க இயலாது. கால் தளர்ந்தவர் தனியே நின்றாரே, அது நம் கைக்கு எட்டுவது.

இனி, தோளில் சுமப்பதே அறம் என்பாரைக் காண்போம். இவர்கள் கூற்று உள்ளத்தை உருக்குவது. தாயை ஒரு தோளிலும் தந்தையை மறு தோளிலுமாக நூறாண்டு சுமந்து, நீராட்டி, கைகால் பிடித்து, அவர்தம் மலசலத்தைத் தோளிலேயே தாங்கினும் பெற்றோர் கடன் தீராது என்று பகவன் மொழிந்ததை நம்மவர் அடிக்கடி எடுத்துரைப்பர். ஆயின், அவ்வுரையின் பிற்பகுதியைப் பலரும் விட்டுவிடுகின்றனர். தோளால் தீராத அக்கடன் எதனால் தீரும் எனின், நம்பிக்கையற்ற பெற்றோரை நம்பிக்கையிலும், சீலமற்றோரைச் சீலத்திலும், ஈயாதாரை ஈகையிலும், அறிவிலாரை அறிவிலும் நிலைநிறுத்துவதால் தீரும் என்பது அங்கே கூறப்படுவது. அஃதாவது, பெற்றோர் சுமை என்று கிடப்பவர்கள் அல்லர். இறுதி மூச்சுவரை அறியவும் ஈயவும் வளரவும் வல்ல மக்கள் என்று அவ்வுரை கொள்கின்றது. தோளின் பெருமையைப் பாடுவோர் தோளின்மேல் இருப்பவரைப் பற்றி எண்ணுவதில்லை. அவரும் ஒரு கருத்துடையவர், அவரிடமும் கேட்கவேண்டும். என்னை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடு என்று சொல்லாத தாய் நம் நாட்டில் எத்தனை பேர்?

தோளின் கணக்கும் கொடிது. வழியோ ஏற்றம், விழுந்த மரமும் பிளந்த சாலையும் குறுக்கே கிடக்கும். வளர்ந்த மனிதர் ஒருவரைச் சுமப்பவன் நடக்கும் விரைவில் பாதிகூடச் செல்லமாட்டான். அன்பு மிகுந்ததனால் நீர் பொறுத்து வருவதில்லை.

இக்கணக்கை நன்கு அறிந்த ஒரு நாடு முற்றும் வேறான விடையைக் கூறிற்று. ஜப்பானின் வடகிழக்கே சன்ரிக்கு என்னும் கடற்கரை உண்டு. 1896ஆம் ஆண்டு அலையில் ஏறத்தாழ 22,000 பேரையும், 1933இல் ஏறத்தாழ 3,000 பேரையும் அது இழந்தது. தந்தையைத் தேடி மகனும், மகனைத் தேடித் தாயும் திரும்பி ஓடிக் குடும்பம் குடும்பமாக மாண்ட கரை அது. அங்கே பிறந்து சுனாமி வரலாற்றை ஆராய்ந்த யாமசிட்டா ஃபுமியோ என்பவர் 1990ஆம் ஆண்டளவில் பரப்பிய ஒரு சொல் ‘தெண்டெங்கோ’. அவரவர் தனித்தனியே என்பது அதன் பொருள். நடுக்கம் உணர்ந்தால் எவருக்கும் காத்திராதே, எவரையும் தேடாதே, மேட்டுக்கு ஓடு என்பது அதன் கட்டளை.

முதன்முறை கேட்போர்க்கு இது தன்னலத்தின் சூத்திரமாகத் தோன்றும். கருணையை முதல் அறமாகக் கொண்ட நமக்கு அது கசக்கவும் செய்யும். ஆயினும் சற்றே நின்று நோக்குக. மகன் ஏன் திரும்பி ஓடினான்? தாய் எங்கே, எந்நிலையில் இருக்கின்றாள் என்பதை அவன் அறியான். அவளை மேட்டுக்கு அழைத்துச் செல்ல எவரேனும் உளர் என்ற உறுதி அவனுக்கு இல்லை. அவ்வுறுதி இருந்திருப்பின் அவன் திரும்பியிரான். ஆகவே தெண்டெங்கோ என்பது ஓடும் நேரத்துக்கு மட்டும் உரிய கட்டளை அன்று. ஓடுமுன் பல ஆண்டுகளாகக் கட்டிவைத்த நம்பிக்கையின் மறுபெயர். 2011 மார்ச் 11ஆம் நாள், அதே கரையில் உள்ள காமைசி நகரின் ஏறத்தாழ 3,000 பள்ளிப் பிள்ளைகள், மிகச் சிலர் நீங்கலாக, உயிர் பிழைத்தனர். ஆண்டுதோறும் பயின்றிருந்த அவர்களுள் மூத்த மாணவர் இளைய பிள்ளைகளின் கைபிடித்து மேடேறினர். தனித்தனியே ஓடு என்று கற்பிக்கப்பட்ட பிள்ளைகள் கைகோத்தே ஓடினர் என்பதைக் கருதுக.

அதே நாள் முதியவர்க்கு நிகழ்ந்தது வேறு. அப்பேரழிவில் மிகவும் தாக்குண்ட மூன்று மாவட்டங்களில் இறந்தோருள், வயது அறியப்பட்டவர்களில், நூற்றுக்கு ஏறத்தாழ 65 பேர் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். மக்கள்தொகையில் அவர்கள் பங்கோ ஏறத்தாழ மூன்றில் ஒன்று. பிள்ளைகளுக்குப் பள்ளி என்ற ஓர் அமைப்பு இருந்தது, ஆசிரியர் இருந்தார், பயிற்சி இருந்தது. வீட்டில் தனித்திருந்த முதியவர்க்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. இதனை உணர்ந்த ஜப்பான், தானே தப்பமாட்டாதவர்களின் பட்டியலை ஒவ்வொரு நகராட்சியும் வைத்திருக்கவேண்டும் என 2013இல் சட்டத்தைத் திருத்திற்று. அவ்வொவ்வொருவரையும் எவர், எவ்வழியில் அழைத்துச் செல்வது என்ற தனித்திட்டம் வகுக்க முயலவேண்டும் என்பதை 2021இல் அதனோடு சேர்த்தது.

இப்போது நம் வினாவுக்குத் திரும்புவோம். வாசலில் நிற்கும் அம்மனிதன் செய்யத்தக்கது யாது என்று கேட்டோம். என் கருத்தில், வினாவை நாம் தவறான வேளையில் வைத்துவிட்டோம். அச்சில நிமிடங்களில் அறத்துக்கு மிஞ்சியிருப்பது மிகச் சிறிய இடம். அறம் தேரவேண்டிய வேளை அதற்கு முந்தின பத்தாயிரம் நாட்கள். கடல் அமைதியாய்க் கிடந்த, எவரும் எதையும் எண்ணாத நாட்கள். பகவன் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கின்றார்: அப்பமாதம். சோர்வின்மை, விழிப்பு, மறவாமை என்றெல்லாம் அதனைப் பெயர்க்கலாம். பரிநிப்பான வேளையில் அவர் இறுதியாகப் பிக்குகளுக்கு உரைத்ததும் அதுவே. நம்மில் பலர் அதனைத் தியானத்துக்கு மட்டும் உரிய குணமாகக் கருதி, கண்மூடி அமரும் அரைமணிக்குள் அடைத்துவிட்டனர். அடுத்த வீட்டு முதியவரின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை அறிந்திருப்பதும் அப்பமாதத்தில் அடங்கும்.

இஃது ஒரு தப்பு வழி என்று தத்துவம் பயின்ற நண்பர் மறுக்கக்கூடும். எத்தனை ஏற்பாடு செய்யினும் ஏதோ ஒரு வாசலில் அந்நிமிடம் வந்தே தீரும். அவனுக்கு உம் விடை என்ன என்பார். மறுப்பு நியாயமானது. அவனுக்கு நான் கூறக்கூடியது இவ்வளவே: சேதனையையே கம்மம் என்று நம் தம்மம் கூறுகின்றது. குழந்தையோடு ஓடியவன் தாயின் சாவை நினைந்து ஓடவில்லை. தாயைத் தூக்க நின்று மாண்டவனும் குழந்தையின் சாவை நினைந்து நிற்கவில்லை. இருவர் மீதும் குற்றமில்லை. பிழைத்தவனிடம், நீ ஏன் விட்டுவந்தாய் என்று கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. அவனாகவே தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கும் வினாவை நாம் எடுத்தெறியவும் இயலாது, அவன் அருகே அமர்ந்திருக்கலாம். ஆனால் அண்டை அயலார்க்கும் ஊருக்கும் சங்கத்துக்கும் அவ்வாறு எளிதில் விடுதலை தர என் மனம் ஒப்பவில்லை. அவனுக்குக் கிடைத்தது சில நிமிடம். நமக்கு 2004க்குப் பின் இருபதாண்டுக்குமேல் கிடைத்துவிட்டது.

கேம்பல் பே ஊரின் வரலாற்றையும் ஈண்டு அறிவது நலம். நிக்கோபாரியரும் சொம்பேனியரும் தொன்றுதொட்டு வாழும் இத்தீவில் 1969 தொட்டு முன்னாள் படைவீரர் குடும்பங்கள் 300க்கும் மேற்பட்டவை அரசினரால் குடியேற்றப்பட்டன. பஞ்சாப், மகாராட்டிரம், கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு முதலிய பல பகுதியினர். கோவிந்த நகர், ஜோகிந்தர் நகர், விஜய நகர், இலட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் எனக் கரையோரமாகக் குடியிருப்புகள் எழுந்தன. காட்டைத் திருத்தித் தென்னையும் நெல்லும் பயிரிட்ட உழைப்பாளிகள் அவர்கள். அவர்களுக்கு இல்லாதது ஒன்றே: அக்கடலைப்பற்றிய நினைவு. 1881ஆம் ஆண்டின் இறுதி நாளில் கார் நிக்கோபார் அருகே பெருநடுக்கமும் அலையும் எழுந்தமை அரசாங்க ஏடுகளில் இருந்தது. பஞ்சாபிலிருந்து வந்த உழவர்க்கு அதனைச் சொல்ல எவர் இருந்தார்? நடுங்கினால் மலைக்கு ஓடு என்று சொல்லும் பாட்டி இல்லாத ஊர் அது.

பாட்டி இருந்த ஊரின் கதை இதற்கு நேர்மாறு. சுமத்திராவின் மேற்கே சிமலூ என்றொரு தீவு, நடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அணித்தாக உள்ளது. 1907ஆம் ஆண்டில் அத்தீவை அலை வாரிச் சென்றது. பிழைத்தவர்கள் ‘சுமோங்’ என்ற ஒரே சொல்லைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். தாலாட்டிலும் கதையிலும் அதனைப் பொதிந்தனர். நடுக்கம் பெரிதாயின், கடல் பின்வாங்கின், சுமோங் என்று கூவிக்கொண்டு மலையேறு என்பது அதன் பொருள். 2004இல் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் அலையால் மாண்டவர் ஏழு பேர். எச்சரிக்கைக் கருவி ஒன்றும் அங்கே இல்லை. தொண்ணூற்றேழு ஆண்டு பழைமையான முதியோர் வாய்ச்சொல் ஒன்று இருந்தது.

முதியோரைக் காப்பது எப்படி என்று கேட்கும் நாம், முதியோர் எவரையெல்லாம் காத்தனர் என்பதையும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். 2004இல் நாற்பது வயதில் அலையைக் கண்ணால் கண்ட கேம்பல் பேக்காரர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். அவ்வூரின் பாட்டியும் பாட்டனும் அவர்களே. 2011 கணக்கெடுப்பில் தீவு முழுவதும் எண்ணாயிரத்துச் சொச்சம் பேரே வாழ்ந்தனர். துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் கட்டும் பெருந்திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் இசைவு அளிக்கப்பட்டது. அது நிறைவுறின் மக்கள்தொகை மூன்றரை இலட்சம் அளவுக்கு உயரும் என்பது திட்டத்தார் மதிப்பு. அத்திட்டத்தின் நன்மை தீமை ஈண்டு நம் பொருளன்று. அவ்வாறு வருவோர் அனைவரும் 1969இல் வந்தவரைப்போலவே நினைவற்றவராய் வருவர் என்பது மட்டும் நம் பொருள். அவர்களுக்குச் சொல்லவேண்டியவரை நாம் மூலையில் உட்கார்த்தி வைத்திருக்கின்றோம்.

மூலையில் உட்கார்த்தும் வேலையைச் சில வேளை உதவியே செய்துவிடுகின்றது. நிக்கோபாரியரிடையே ‘துகேத்’ எனப்படும் கூட்டுக்குடும்ப அமைப்பு உண்டு. நிலமும் தென்னையும் பன்றியும் தனியொருவர்க்கு உரியன அல்ல, துகேத்துக்குப் பொது. மூத்தோர் சொல்லே பங்கீட்டை நடத்தும். அவ்வமைப்பில் முதியவர் தனித்திருத்தல் அரிது. சுனாமிக்குப்பின் தகரக் கொட்டகையும், நிவாரணத் தொகையும், பின்னர் நிலையான வீடும் கணவன் மனைவி மக்கள் என்ற சிறு குடும்பக் கணக்கிலேயே வழங்கப்பட்டன. துகேத் அதனால் தளர்ந்தது என்று அம்மக்களிடையே நெடுநாள் ஆராய்ந்த அறிஞர் எழுதியுள்ளனர். கொடுத்தவர் எண்ணம் நல்லதே. அரிசியும் வீடும் கிடைத்தன. மூத்தோர் சொல்லுக்கு இருந்த இடம் குறைந்தது. தானம் கொடுக்குமுன், பெறுவார் எத்தகைய உறவில் வாழ்கின்றனர் என்று பாராமல் கொடுப்பது எத்துணை ஆபத்து என்பதை எந்தத் தருமசிந்தனையாளரும் இதிலிருந்து கற்கலாம். நம் சங்கங்களும் இதற்கு விலக்கல்ல. ஆண்டுக்கு ஒருமுறை புடவையும் வேட்டியும் அளித்துப் படம் எடுத்துக்கொண்ட பின், அம்முதியவர் பெயரை நினைவு வைத்திருப்போர் எத்தனை பேர்?

விநயத்தில் ஒரு நிகழ்ச்சி. வயிற்றுக் கடுப்பால் தன் மலசலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவன் கண்டார். உன்னைப் பேண எவரும் இல்லையா என வினவ, நான் மற்றப் பிக்குகளுக்கு ஒன்றும் உதவியதில்லை, ஆதலின் அவர்கள் வரவில்லை என்றார் அவர். இம்மறுமொழியின் கொடுமையை ஊன்றிக் காணவேண்டும். பயன்படாதவனைப் பேணவேண்டுவதில்லை என்ற கணக்கை நோயாளியே ஒப்புக்கொண்டுவிட்டார். இன்றைய முதியவர் பலரும், நான் யாருக்கு என்ன செய்கிறேன், எனக்கேன் இவ்வளவு என்று கூறுவது அதே கணக்குத்தான். பகவன் நீர் வார்த்தார், ஆனந்தர் கழுவினார். பகவன் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் பிடித்து அவரைக் கட்டிலில் ஏற்றினர். பின்னர்ப் பிக்குகளைக் கூட்டி, இங்கே உங்களைப் பேணத் தாயும் தந்தையும் இல்லை, நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிடில் பேணுவார் யார் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்.

தூக்கியவர் இருவர் என்பதை நான் மறப்பதில்லை. உலகநாதராகிய ஒருவர் தோளில் தூக்கினார் என்று விநயம் எழுதவில்லை. ஒருவர் தலை, ஒருவர் கால். மனிதரை மனிதர் தூக்குவதன் முறை அது. தனி மகனின் தோளை எதிர்பார்க்கும் ஊர், அம்மகன் சென்னைக்கோ துபாய்க்கோ பிழைக்கச் சென்ற நாளில் வெறுங்கையாய் நிற்கும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மகனிடமிருந்து மாதப்பணம் பெற்றுத்தரும், நல்லதே. நிலம் குலுங்கும்போது அச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மேடேற இயலுமா?

கடலூர், நாகப்பட்டினக் கரையில் சுனாமிக்குப் பின் ஹெல்ப்பேஜ் இந்தியா நிறுவனத்தார் அமைத்த முதியோர் சுயஉதவிக் குழுக்களை இவ்விடத்தில் நினைவுகூரலாம். முதியவர்களே கூடிச் சிறுதொகை சேமிக்கவும், கடன் கொடுத்து வாங்கவும், நோயுற்ற உறுப்பினரைச் சென்று காணவும் தொடங்கினர். பணத்தின் அளவு சிறிது. எனினும், கூட்டத்துக்கு ஒரு கிழவி வரவில்லையெனின் ஏன் வரவில்லை என்று பத்துப்பேர் கேட்பர். பேரிடர்க்கு ஆயத்தமாவது என்பதன் உயிர்நிலை இந்தக் கேள்வியில் உள்ளது என்பது என் துணிபு. விளக்கும் கயிறும் ஊதலும் பிறகு வாங்கலாம்.

கருவிகளை நான் இகழவில்லை. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கிற்று. நடுக்கம் நிகழ்ந்த பத்து நிமிட அளவில் முதல் அறிவிப்பை விடுக்க வல்லது. தமிழ்நாட்டுக் கரைக்கு அலை வர இரண்டு மணிநேரத்துக்குமேல் ஆகும் நிலையில் அது பெருங்கொடை. சுமத்திராவின் வடமுனைக்கு 200 கிலோமீட்டருக்குள் தென்கோடி அமைந்த பெரிய நிக்கோபாருக்கோ, அறிவிப்பும் அலையும் ஏறக்குறைய ஒன்றாகவே வரக்கூடும். அங்கே நடுக்கமே சங்கொலி. அதிலும், காது மந்தமான முதியவர்க்குச் சங்கொலியினும் காலடி நடுக்கமே நன்றாகக் கேட்கும். நிற்க முடியாதபடி நிலம் ஆடினால், அல்லது ஆட்டம் நெடுநேரம் நீடித்தால், எவர் சொல்லுக்கும் காத்திராமல் மேட்டுக்குச் செல்வது என்ற ஒரே விதி அவர்க்குப் போதும்.

2012 ஏப்ரல் 11ஆம் நாள் 8.6 அளவில் நடுக்கம் எழுந்து, எச்சரிக்கை விடுக்கப்பட்டு, பேரலை வராமற்போனதும் நினைவிருக்கலாம். அன்று ஓடு பக்கவாட்டில் நழுவியதால் கடல் பெரிதாக எழவில்லை. அவ்வாறு ஒருமுறை வீணே மேடேறி முழங்கால் வீங்கிய முதியவர், மறுமுறை அழைத்தால் நான் வரவில்லை, நீங்கள் போங்கள் என்பார். அவர்மேல் சினந்து பயனில்லை. ஏறும் வழியை எளிதாக்குவதும், மேலே நிழலும் நீரும் உட்காரப் பலகையும் வைப்பதுமே அவர்க்குரிய மறுமொழி.

கேம்பல் பே போன்ற ஊரில் தம்ம வழியினர் பத்துக் குடும்பம் இருப்பினும் இவ்வளவும் செய்யலாம். அதற்கு விகாரையோ பெரும்பொருளோ வேண்டா. சாதி மத மொழி பாராமல் தெருவில் அறுபது கடந்தோர் எவரெவர், தனித்திருப்போர் எவர், இரவில் எந்த அறையில் உறங்குகின்றனர், எழுந்து நடக்கக் கோல் வேண்டுமா, ஆள் வேண்டுமா என்று கேட்டு ஒரு ஏட்டில் எழுதலாம். கேட்பதை அவரிடமே கேட்கவேண்டும், மருமகளிடம் அன்று. ஒவ்வொருவர்க்கும் இருவரைப் பொறுப்பாக்கலாம். ஒருவர் வெளியூர் சென்றிருப்பினும் மற்றவர் இருப்பார். இனிப்பு நீருக்கும் குருதியழுத்தத்துக்கும் உரிய மருந்து இரண்டு வார அளவும், மூக்குக்கண்ணாடியும், அடையாள அட்டையும் ஒரு பையில் கட்டிக் கதவருகே தொங்கவிடலாம். கப்பல் சில நாள் வாராவிடினும் தட்டுப்பாடு வரும் தீவு அது. பெரிய மருத்துவமனை 500 கிலோமீட்டருக்கு அப்பால், 2024 முதல் ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரில் உள்ளது. 14567 என்ற முதியோர் உதவித் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். தொலைபேசிக் கம்பம் சாய்ந்துவிட்டால் அவ்வெண் பயன்படாது என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

எண்பதாம் ஆண்டில் தம் உடலை, வார்கட்டி ஓட்டும் பழைய வண்டிக்கு ஒப்பிட்ட ஆசிரியரின் மாணவர் நாம். அவ்வுடலோடு அவர் ஊர் ஊராக நடந்தார். அருகே ஆனந்தர் நடந்தார். ஆனந்தர் முன்னே ஓடிவிடவும் இல்லை, அவரைத் தோளில் ஏற்றிக்கொள்ளவும் இல்லை. பகவன் களைத்த இடத்தில் மேலாடையை நான்காய் மடித்து விரித்து, நீர் கொண்டுவரச் சென்றார்.

அடுத்த பௌர்ணமியன்று பஞ்சசீலம் ஓதி முடித்ததும், கலைந்து செல்லுமுன் ஒருமணி நேரம் ஒதுக்குக. தெருவின் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு, ஒதுங்கவேண்டிய மேட்டை நோக்கி நடக்கலாம். மிக மெதுவாக நடப்பவர் முதலில் செல்லட்டும். மற்றவர் அவர் பின்னே. கையில் கடிகாரம் உள்ள பிள்ளை ஒருவன் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறிக்கட்டும். எந்தத் திருப்பத்தில் பெரியவர் மூச்சுவாங்கி நிற்கின்றார் என்று பார்த்து, மறுநாள் அங்கே ஒரு கல்லைப் புரட்டிப் போடலாம். மேலே சென்று அமர்ந்தபின், 2004இல் கண்டதைக் கண்டவர் சொல்லட்டும், பிள்ளைகள் கேட்கட்டும்.